ஒரு சாண் தண்ணீர்

ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையில் மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் போனால் மலையடிவாரம். அங்கே ஆற்றைக் கடந்துதான் அய்யனார் கோவிலுக்குப் போகவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மழை பிடித்துக்கொண்டால், கால் நனையாமல் போனவர்கள்கூட அக்கரையில் மாட்டிக்கொள்வார்கள். தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கூட்டிவருவார்கள். சாமியின் முழுப்பெயர் நீர்காத்த அய்யனார்.

நான் சொல்ல வருவது மாசி மாதத்தில் நடந்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். பெரியம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அறுபத்திரண்டு வயதிலும் வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓடுகிற தறியில் எந்த இழை அறுந்தது என்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் பட்டப்பகலில், முழங்கால் உயரப் பாறையில் இடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தார்.

"பாறை கெடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா?"

"கண்ணு முன்னாலதான கெடக்கு பெரியம்மா?"

"எனக்குத் தெரியலையே."

கோபத்தில் சொன்ன சாக்கு என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் பார்த்தபோதுதான் அது அப்பட்டமான உண்மை என்று தெரிந்தது. நடுப்பார்வை அப்படியே இருந்தது. அதனால்தான் இழை தெரிந்தது. ஆனால் இரண்டு கண்ணிலும் கீழ்ப்பக்கப் பார்வை அரித்துப்போயிருந்தது. அரித்த இடம் கறுப்பாகத் தெரிவதில்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளை அந்த ஓட்டையை அடைத்துவிடும். ஆற்றில் பாறை இருந்த இடத்தில் பெரியம்மாவின் மூளை தண்ணீரை வரைந்துவைத்திருந்தது. வலது கண்ணின் அழுத்தம் 34. மருத்துவர்கள் கிளாகோமா என்றும் கண் நீர் அழுத்த நோய் என்றும் சொல்கிறார்கள். ஊரில் "கண்ணுல பிரஷர்".

*

தென்மாவட்டத்துக்காரனுக்கு இந்த நோயைப் புரிந்துகொள்ளக் கண்மாயைவிடத் தோதான உவமை கிடைக்காது. ஏரி என்றோ குளம் என்றோ வடக்கே சொல்வதை நாங்கள் கண்மாய் என்கிறோம். தண்ணீர் வெளியேறும் மடையின் வாய்களையும் கண் என்றே எண்ணுகிறோம்: இரண்டு கண் மடை, மூன்று கண் மடை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும். மடை வழியாக வயலுக்குப் போகும். மடை அடைத்துக்கொண்டு, உபரிநீர் வழியும் மறுகாலும் இல்லாவிட்டால், கரையில் எந்த இடம் நோஞ்சானோ அந்த இடம் போய்விடும்.

நம் கண்ணுக்குள்ளும் ஒரு வரத்துக்கால் உண்டு. கருவிழிக்குப் பின்னால் வளையமாக இருக்கும் ஒரு திசு இரவு பகலாகத் தெளிந்த நீரைச் சுரக்கிறது. அழும்போது வருகிற கண்ணீர் வேறு. அது கண்ணுக்கு வெளியே சுரப்பது. இது உள்ளே சுரந்து, கண்பாப்பாவின் வழியாக முன்னறைக்கு வந்து, ரத்தக்குழாயே இல்லாத லென்சுக்கும் விழிப்படலத்துக்கும் சோறு போட்டுவிட்டு, விழிப்படலமும் கருவிழியும் சந்திக்கிற மூலையில் உள்ள ஒரு சல்லடை வழியாக வடிந்து ரத்தத்தில் சேர்கிறது. நிமிடத்துக்கு சுமார் 2.5 மைக்ரோலிட்டர். அதாவது இருபது நிமிடத்துக்கு ஒரு சொட்டு. நாள் முழுவதும் சேர்த்துப் பிடித்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது.

இவ்வளவு சொற்பமான தண்ணீர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கண்ணின் இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். 15 என்று வைத்துக்கொண்டு அதைத் தண்ணீராக மாற்றினால் 20 சென்டிமீட்டர் உயரம். கிட்டத்தட்ட ஒரு சாண். கண் உருண்டையாக நிற்பதும், லென்சும் விழிப்படலமும் சரியான தூரத்தில் நிற்பதும் இந்த ஒரு சாண் தண்ணீரின் தயவில்தான். பெரியம்மாவின் கண்ணில் இருந்தது இரண்டு சாண். சல்லடை தூர்ந்துபோனதால் ஏறிய தண்ணீர். கண்ணின் சுவரில் நோஞ்சான் இடம், பார்வை நரம்பு வெளியேறுகிற பின்பக்கம். அங்கே பத்துப் பன்னிரண்டு லட்சம் நரம்பிழைகள் ஒரு கற்றையாகப் போகின்றன. வருடக்கணக்கான அழுத்தத்தில் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடலாம், இதைப் போடமுடியாது.

ஆகவே மருத்துவத்தால் செய்யக்கூடியது ஒன்றுதான்: தண்ணீரை இறக்கி, இருக்கிற இழைகளைக் காப்பாற்றுவது. சொட்டு மருந்து, லேசர், அதற்கும் இறங்காவிட்டால் அறுவை சிகிச்சை.

*

கண்ணில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடிக்கும் கலையின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1904 முதல் 1914 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ராணுவ மருத்துவர். விழிப்படலமும் வெண்விழியும் சேருகிற ஓரத்தில், வட்டமாக வெட்டும் ஒரு சிறு துளைப்பானை வைத்துத் திருகி, இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத ஓட்டை போட்டார். உள்நீர் அந்த வழியே வந்து வெண்விழியின் மேல்தோலுக்கு அடியில் ஒரு குமிழாகத் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படும். 1909-ல் இதை வெளியிட்டார். பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க இதுதான் நடந்தது. (இதே எலியட் ஓய்வுபெற்று லண்டன் போனபின், இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிரூபிப்பதில் இறங்கினார், செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று மந்திரவாதிகள் சங்கத்தின் சார்பில் 1934-ல் அறிவித்தார். யாரும் வாங்கவில்லை.)

எலியட்டின் ஓட்டையில் ஒரு குறை. அது வெறும் ஓட்டை. பண்டைய பாண்டிநாட்டுக் கண்மாயில் குமிழித்தூம்பு என்னும் மடை கட்டியவர்கள் துளையோடு அதை மூடித் திறக்க ஒரு கல்லடைப்பையும் செய்து வைத்தார்கள். எலியட்டின் துளைக்கு அடைப்பு கிடையாது. சிலருக்குக் கண் தண்ணீரெல்லாம் வடிந்து தொளதொளத்துப் போயிற்று. வேறு சிலருக்குக் குமிழ் மெலிந்து உடைந்து, பல ஆண்டு கழித்துக் கிருமி உள்ளே போனது. 1968-ல் கேம்பிரிட்ஜில் ஜான் கெய்ர்ன்ஸ், வெண்விழியில் பாதி கனத்துக்கு ஒரு கதவு போல வெட்டித் தூக்கி, அதற்கு அடியில் துளை போட்டு, கதவைத் தளர்வாகத் தைத்து மூடினார். அடைப்பு வந்துவிட்டது. இன்றும் கண் அழுத்தத்துக்கு அதிகம் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் அது ஒன்று.

பெரியம்மாவுக்கும் முதலில் அதைத்தான் செய்தார்கள். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

மூடிக்கொண்டதில் உடம்பின் மேல் தப்பே இல்லை. நாம் வாய்க்கால் என்று நினைப்பதை உடம்பு காயம் என்று நினைக்கிறது, ஆற்றிவிடுகிறது. புண் ஆறினால் இங்கே ஆறு நின்றுபோகும்.

*

சீழ்க்கட்டியைக் கீறியவுடன் அப்படியே தைத்துவிட மாட்டார்கள். பேண்டேஜ் துணியைத் திரியாக முறுக்கி உள்ளே வைத்துக் கட்டுவார்கள். மேல்வாய் மூடாமல் இருந்தால்தான் உள்ளே இருப்பது வடியும். சத்திரப்பட்டித் தறிகளில் ஓடுகிற துணிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு. கண்ணிலும் முதலில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 1906-ல் பிரான்சில் ரோலே, மொரோ என்ற இருவர் குதிரை முடியைக் கண்ணின் முன்னறையில் நுழைத்து ஒரு முனையை வெளியே விட்டார்கள். 1912-ல் இங்கிலாந்தில் சோரப் பட்டு நூலை வைத்தார். பிறகு தங்கம், பிளாட்டினம், கண்ணாடி என்று எதையெதையோ வைத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே முடிவு: உள்முனை திறந்திருக்கும், வெளிமுனையைத் தழும்பு சுற்றி வளைத்து மூடிவிடும்.

இங்கேதான் தென்னாப்பிரிக்காவின் ஆன்டனி மோல்டினோவுக்கு ஒரு யோசனை வந்தது. தழும்பு வரட்டும், வருகிற தழும்பை நமக்குத் தோதாக வரவைப்போம். 1969-ல் அவர் ஒரு சிறு குழாயின் வெளிமுனையில் ஒரு தட்டை ஒட்டினார். தட்டு கண்ணின் மேல், தோலுக்கு அடியில் உட்காரும். உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்புப் பையைக் கட்டும். ஆனால் தட்டு நடுவில் இருப்பதால் பையின் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ள முடியாது. குழாய் வழியாக வருகிற நீர் அந்தப் பையில் தேங்கி, பையின் சுவர் வழியே கசிந்து போகும். சில ஆண்டுகளில் குழாயை நீளமாக்கி, தட்டைக் கண்ணின் பின்பக்கம் தள்ளி வைத்தார். இன்று உலகில் உள்ள பெரும்பாலான கண் வடிகால் கருவிகள் இந்தக் குழாயும் தட்டும்தான். தழும்பை எதிரியாக நினைக்காத முதல் ஆள் மோல்டினோ என்பதால் இந்தத் துறையில் எனக்குப் பிடித்தவர் அவர்.

ஆனால் குழாய் ஒரு புதுத் தலைவலியைக் கொண்டுவந்தது.

குழாயின் உள்விட்டம் சுமார் 0.3 மில்லிமீட்டர். கண்ணுக்கு அது ஊசித்துளை மாதிரி தெரியும். தண்ணீருக்கோ அது தேசிய நெடுஞ்சாலை. குறுகிய குழாயில் நீர் எவ்வளவு தடைபடும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹேகன், புவாசே இருவரும் தனித்தனியே கண்ட விதி இருக்கிறது. குழாயின் நீளம் இரண்டு மடங்கானால் தடையும் இரண்டு மடங்கு; விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயில், நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் ஓடினால் எவ்வளவு அழுத்தம் தாக்குப்பிடிக்கும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 0.01 மில்லிமீட்டர் பாதரசம் வந்தது. நமக்கு வேண்டியது பத்து. ஆயிரத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. வைத்த அன்றே கண் காலிச் சாக்கு மாதிரி சுருங்கிவிடும். தண்ணீர் குறைந்த கண்ணும் கெட்டுத்தான் போகும். உள்ளுறைகள் கழன்று தொங்கும், ரத்தம் கசியும்.

சரி, குழாயைக் குறுக்கிவிடலாமே? அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உள்விட்டம் சுமார் 55 மைக்ரான் வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய துளை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் தடை ஒன்றரை மடங்காகிவிடும். ஒரு துளி ரத்தம் உறைந்தால் அடைப்பு. இதை இப்போதைக்கு ஓரமாக வைப்போம். கடைசியில் திரும்பி வருகிறேன்.

*

இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, 1993-ல் வந்த அகமது வால்வு. மதீன் அகமது வடிவமைத்தது. இழுத்துப் பிடித்த இரண்டு மெல்லிய சிலிக்கோன் சவ்வுகள் எட்டு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வாய் திறக்கும், அதற்குக் கீழே மூடிக்கொள்ளும். நல்ல பொறியியல்தான். ஆனால் சவ்வு என்றால் துல்லியம். துல்லியம் என்றால் விலை.

இன்னொன்று ஜார்ஜ் பேர்வெல்ட் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்த கருவி. இதில் வால்வு கிடையாது. இரு பக்கமும் சிறகுபோல நீண்ட பெரிய சிலிக்கோன் தட்டு, 350 சதுர மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் பரப்பு. தட்டு பெரிதானால் தழும்புப் பை பெரிதாகும், கசிகிற பரப்பு கூடும், அழுத்தம் இறங்கும். அப்படியானால் இன்னும் பெரிதாக்கலாமே என்று 500 சதுர மில்லிமீட்டரில் செய்தும் பார்த்தார்கள். 350-ஐவிட மேலாக இல்லை. வாய்க்கால் எவ்வளவு அகலமானாலும் வயலுக்குத் தேவையானதுதானே தேவை.

வால்வு இல்லாவிட்டால் முதல் நாள் கண் சுருங்குமே? அதற்குச் செய்யும் ஏற்பாட்டைக் கேட்டபோது, இதைச் சத்திரப்பட்டியில் யாராவது யோசித்திருப்பார்களோ என்று தோன்றியது. குழாயை ஒரு நூலால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

நூல் சாதாரண நூல் அல்ல. விக்ரில் என்று அறுவை அரங்கில் சொல்லும், உடம்பிலேயே கரைந்துபோகிற இழை. ஐந்தாறு வாரத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும். அந்த ஐந்தாறு வாரத்தில் தட்டைச் சுற்றித் தழும்புப் பை முழுதாகக் கட்டி முடிந்திருக்கும். கட்டு அவிழ்கிற நேரத்தில் பை தயார். குழாய் தராத தடையை அந்தப் பையின் சுவர் தருகிறது. மருத்துவர் பாதிக் கருவியை வைக்கிறார். மீதியை நோயாளியின் உடம்பு செய்து முடிக்கிறது. எலியட்டின் துளையையும் கெய்ர்ன்சின் கதவையும் தூர்த்த அதே தழும்பு, இங்கே மடைப்பலகை.

*

இந்த வால்வில்லாத கருவியைத்தான் மதுரையில் செய்கிறார்கள்.

ஆரோலேப் 1992-ல் தொடங்கியது. அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவு. அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்துக்காரர். இளவயதிலேயே கடுமையான மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போயின. கோணல் விரலுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்வித்துக்கொண்டு கண் அறுவை சிகிச்சை கற்றார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கையோடு ஆரம்பித்தார். கருவிக்கு மனிதன் என்றில்லாமல் மனிதனுக்குக் கருவி என்ற எண்ணம் அந்த நிறுவனத்துக்குத் தொடக்கத்திலேயே வந்ததில் ஆச்சரியமில்லை. கண்புரை லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாமல் இருந்தபோது, அதை இங்கேயே செய்து விலையை இறக்கவே ஆரோலேப் வந்தது. 2013-ல் பேர்வெல்ட் பாணியில், அதே 350 சதுர மில்லிமீட்டரில், ஒரு வடிகால் கருவியை வெளியிட்டது. மருத்துவர்கள் சுருக்கி "ஆடி" என்கிறார்கள். ஆடிப்பெருக்கு நினைவு எனக்கு வந்தது, அவர்களுக்கு வந்திருக்காது. விலை சுமார் 50 டாலர். வெளிநாட்டுக் கருவிகள் சில நூறு டாலர்.

வால்வு இல்லாததைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தெரிவது சிக்கனம் மட்டும் அல்ல. அச்சில் வார்க்கக்கூடிய ஒரு சிலிக்கோன் தட்டு, ஒரு சிலிக்கோன் குழாய். நகர்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. கெட்டுப்போக என்ன இருக்கிறது? பிறவியிலேயே கண் அழுத்தத்தோடு பிறக்கிற குழந்தைகளுக்கும், சர்க்கரை நோயால் கருவிழியில் புது ரத்தக்குழாய் முளைத்தவர்களுக்கும், ஏற்கெனவே செய்த அறுவை சிகிச்சை மூடிக்கொண்டவர்களுக்கும் இது வைக்கப்படுகிறது. பெரியம்மா மூன்றாவது வகை.

*

அறுவை அரங்கில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால், இந்தக் கருவியின் இன்னொரு பாதி தெரியும். அது ஊசி.

முதலில் வெண்விழியின் மேல்தோலைப் பிரித்து, மேல்வெளிப் பக்கத்தில் கண்ணை அசைக்கிற இரண்டு தசைகளைக் கொக்கியால் தூக்கி, தட்டின் ஒரு சிறகை ஒன்றின் அடியிலும் மறு சிறகை மற்றதன் அடியிலும் நுழைக்கிறார்கள். தட்டைத் தைத்து அசையாமல் நிறுத்துகிறார்கள். குழாய்க்குள் உப்புநீரைச் செலுத்தி, போகிறதா என்று பார்க்கிறார்கள். போகவேண்டும். பிறகு நூலால் கட்டி மறுபடி செலுத்துகிறார்கள். இப்போது போகக்கூடாது. ஓடவேண்டும் என்று சோதித்த குழாயையே மறு நிமிடம் ஓடக்கூடாது என்றும் சோதிக்கிற வேலை வேறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்து, குழாய் கண்ணுக்குள் போகவேண்டும். கத்தியால் கீறினால் வாய் பெரிதாகிவிடும். குழாயைச் சுற்றி நீர் கசியும். ஆகவே ஊசி. எந்த ஊசி? 23-ஆம் நம்பர். நீலத் தலை வைத்த, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாதாரண ஊசிதான்.

ஊசி நம்பரைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. நம்பர் கூடினால் ஊசி மெலியும். கம்பி இழுக்கிற தொழிலிலிருந்து வந்த அளவு அது. நூற்பாலை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 40-ஆம் நம்பர் நூலைவிட 60-ஆம் நம்பர் மெல்லிசு என்பது ராஜபாளையத்தில் குழந்தைக்கும் தெரியும். ஒரு பவுண்டு பஞ்சில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறது என்பதுதான் நூலின் நம்பர்.

23-ஆம் நம்பர் ஊசியின் வெளிவிட்டம் 0.64 மில்லிமீட்டர். குழாயின் வெளிவிட்டம் 0.63. வித்தியாசம் நூறில் ஒரு மில்லிமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு. ஊசி போன பாதையில் வெண்விழித் திசு ரப்பர் மாதிரி மறுபடி நெருங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். ஒரு நம்பர் பெரிதாக, 22 போட்டால் 0.72, சுற்றிக் கசியும், கட்டிய நூலுக்கு அர்த்தமில்லாமல் போகும். 25 போட்டால் 0.51, குழாய் மெத்தென்று இருப்பதால் உள்ளே போகாமல் மடங்கும். குழாய் ஏன் மெத்தென்று இருக்கவேண்டும் என்றால், கண் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை திரும்புகிறது என்று யோசித்தால் போதும். விறைத்த குழாய் ஒவ்வொரு திரும்பலிலும் உள்ளே குத்தும்.

ஊசியின் சாய்வும் முக்கியம். கருவிழிக்கு இணையாகப் போகவேண்டும். மேலே ஏறினால் குழாய் விழிப்படலத்தின் உட்பக்கத்தை உரசி, மறுபடி வளராத செல்களைத் தேய்த்துவிடும். கீழே இறங்கினால் கருவிழி வாயை அடைக்கும். குழாயின் முனையைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் மேல்நோக்கி இருக்கும்படி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் உள்ளே விடுகிறார்கள்.

கடைசியாக, குழாய் மேல்தோலை அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடாமல் அதன்மேல் ஒரு ஒட்டுத் துண்டு வைத்துத் தைக்கிறார்கள். அது பெரும்பாலும் கண்தானத்தில் வந்த வெண்விழியோ விழிப்படலமோ. பார்வை தரும் மாற்று அறுவை சிகிச்சைக்குத் தகுதிப்படாத விழிப்படலமும் இதற்கு உதவும். பெரியம்மாவின் வலது கண்ணில், இமைக்கு அடியில், முகம் தெரியாத ஒருவரின் கண்ணில் நகக்கண் அளவு இருக்கிறது.

*

55 மைக்ரான் கணக்கை ஓரமாக வைத்தோமே, அதை இன்னொரு கூட்டம் விடவில்லை. ஊசியும் குழாயும் ஒன்றாகவே வருகிற கருவி ஒன்று இப்போது உண்டு: ஜென் என்று பெயர். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பன்றியின் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினால் செய்த, 6 மில்லிமீட்டர் நீளம், 45 மைக்ரான் உள்விட்டம் கொண்ட நூல் போன்ற குழாய். 27-ஆம் நம்பர் ஊசிக்குள்ளேயே படுத்திருக்கும். ஊசியைக் கண்ணுக்குள் விட்டு, எதிர்ப்பக்கச் சுவரைத் துளைத்து, குழாயை அங்கே விட்டுவிட்டு ஊசியை உருவிவிடலாம். தட்டு இல்லை, நூல்கட்டு இல்லை. தடை முழுவதையும் குழாயின் குறுகலே தருகிறது. ஹேகனும் புவாசேயும் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

கணக்கின் அழகுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பெரியம்மாவின் கண்ணுக்கு இல்லை. வெளிமுனையைத் தழும்பு சுற்றிக்கொள்கிற பழைய குதிரைமுடிக் கதை இதிலும் பலருக்கு நடக்கிறது. அப்போது மறுபடி ஊசி விட்டுத் தழும்பைக் கிழிக்கவேண்டும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சரி. தறியை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து, துணைக்கு ஒரு ஆளோடு வருகிறவருக்கு, ஒரு தடவை வைத்தால் உடம்பே முடித்துக்கொள்கிற கருவிதான் தோது. விலையையும் சேர்த்தால் பேச்சே இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதம் பெரியம்மா என்னிடம் சண்டை பிடித்தார். "டியூப் வச்சும் பிரஷர் எறங்கலையே? சொட்டு மருந்து வேற விடச் சொல்றாக. எதுக்குப்பா இந்தப் பாடு?" கட்டிய நூல் இன்னும் அவிழவில்லை பெரியம்மா என்றேன். குழாயை வைத்தவரே ஏன் கட்டவேண்டும் என்று கேட்டார். மலையில் மழை பெய்தால் ஆற்றில் யாராவது இறங்குவார்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் கண் லேசாக மங்கியது. இரண்டு நாளில் தெளிந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய் அளந்தபோது 12. ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவு.

போன பார்வை திரும்பவில்லை, திரும்பாது. இப்போதும் ஆற்றில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.

அரவிந்த் மருத்துவர்கள் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் எடுத்து 2003-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாற்பது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை எந்த மருத்துவரிடமும் இதற்காகக் காட்டிக்கொள்ளாதவர்கள். வலிக்காது, சிவக்காது, எழுத்து தெரியும், இழை தெரியும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. ஆகவே நாற்பது வயதானவர்கள் அடுத்த முறை கண்ணாடிக்குப் பவர் பார்க்கப் போகும்போது, "பிரஷரையும் பாருங்கள், கண் நரம்பையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எனக்குப் பார்த்தாயிற்று, 17 இருக்கிறது, வருடம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.